சப் போச்சுன்னா உள்ள எது போச்சு?

எங்க வீட்டுப் பக்கம் போர் மோட்டார் தண்ணி எடுக்கலைன்னா எங்க அத்தை சும்மா "மோட்டார் போச்சு"ன்னு சொல்லிட்டு உக்கார மாட்டாங்க. காயில் எரிஞ்சுதா, பேரிங் தேஞ்சுதா, கெப்பாசிட்டர் வீக்கா, லோ வோல்டேஜா, ஸ்டார்ட்டர்ல பல்லி பூந்துருச்சான்னு அஞ்சு கேள்வி கேட்டுட்டுத்தான் மெக்கானிக்குக்கு போன் போடுவாங்க. ஏன்னா எதுனு தெரியாம மோட்டாரை மேல தூக்குனா தூக்குகூலியே தனி, அதுவும் போக லோ வோல்டேஜ்ல எரிஞ்ச காயிலை புதுசா கட்டி மறுபடி அதே லோ வோல்டேஜ்ல விட்டா பத்து நாள்ல திரும்ப எரியும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

அவங்க பையன், எனக்கு மச்சான், சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் தறி ஓட்டுறான். கார் டிக்கியில 12 இன்ச் சப்வூஃபர், அதாவது பேஸுக்குன்னே இருக்கிற பெரிய ஸ்பீக்கர், ஒண்ணு வெச்சிருக்கான். அது நின்னுபோனா அவன் சொல்றது ஒரே வார்த்தைதான், "சப் போச்சு மாப்ள". எது போச்சுடான்னு கேட்டா முழிப்பான். ஒரு கடையில குடுத்து ரீகோன் பண்ணான், அதாவது உள்ள அசையுற பாகத்தைப் புதுசா ஒட்டுனான், நாலு மாசம் பாடுச்சு. வேற கடையில இன்னொரு தடவை, அது மூணு மாசம் கூட தாங்கல. மூணாவது தடவை டிக்கியத் திறந்தா கருகின வாடை, அப்பத்தான் என்கிட்ட வந்தான்.

நான் கடை வெச்சிருக்கிறவன் இல்லீங்க, ரீகோன் பண்ற ஒரு அண்ணன் கடையில பல ஞாயித்துக்கிழமை சும்மா உக்காந்து பாத்து, அப்புறம் எடுபிடி வேலை செஞ்சு கத்துக்கிட்டவன். அங்க உக்காந்து கேட்டதுல பாதிப்பேர் மேக்னட் வீக் ஆயிருச்சும்பாங்க, மீதிப்பேர் வாட்ஸ் பத்தலம்பாங்க. அந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் பிரிச்சு வைக்கலாம்னுதான் இதை எழுதுறேன்.

உள்ள என்னதான் இருக்கு

சப்புல அசையாத பாதி ஒண்ணு, அசையுற பாதி ஒண்ணு. அசையாத பாதி இரும்புச் சாமான்: வெளிய தெரியுற கூடை மாதிரி சட்டம், அதுக்குப் பேரு பேஸ்கெட். பின்னாடி கனமா வட்டமா மேக்னட், அதுக்கு மேலயும் கீழயும் இரும்புத் தட்டு, நடுவுல ஒரு இரும்புத் தூண், அதை போல்னு சொல்வாங்க. மேல் தட்டோட நடு ஓட்டைக்கும் இந்தப் போலுக்கும் நடுவுல வட்டமா ஒரு சந்து இருக்கும், அதுதான் கேப். மேக்னட்டோட பலம் முழுக்க வந்து குவியுற இடம் அந்தச் சந்துதான்.

அசையுற பாதியில முக்கியமானது வாய்ஸ் காயில், கடையில சும்மா காயில்னுதான் சொல்வாங்க. ஒரு மெல்லிசான குழாய் மேல செம்புக் கம்பியை நெருக்கமா சுத்தினது. ஒரு தூண்ல வளையலை மாட்டி அது தூணையும் தொடாம வெளிச் சுவரையும் தொடாம மேலயும் கீழயும் ஓடணும்னா எப்படியோ அப்படி இந்தக் காயில் கேப்புக்குள்ள ஓடுது. ரெண்டு பக்கமும் விட்டிருக்கிற இடம் சுமாரா அரை மில்லிமீட்டர், அவ்ளோதான். பாதிக் கதை அந்த அரை மில்லிமீட்டர்லயே முடிஞ்சிரும், பின்னாடி பாப்பீங்க.

காயிலோட மேல் நுனியில கோன் ஒட்டியிருக்கும், காத்தைத் தள்ளுறது அதுதான். கோனோட வெளி ஓரத்துல ரப்பர்லயோ ஃபோம்லயோ வளைஞ்சு இருக்கிற வட்டம் சரவுண்ட். கீழ, காயிலைச் சுத்தி விசிறி மடிப்பு மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கிற துணி ஸ்பைடர். காயிலை நடுவுல நிறுத்தி வைக்கிறது, வெளிய போனதை திரும்ப இழுத்துட்டு வர்றது ரெண்டும் முக்கியமா ஸ்பைடர் வேலை. எட்டுக்கால் பூச்சிப் பேரு ஏன் வந்துச்சுன்னா ஆரம்ப காலத்துல அது கால் கால் மாதிரிதான் வெட்டியிருந்தாங்க. நடு மூடி டஸ்ட் கேப், தூசி உள்ள போகாம இருக்க. அப்புறம் பின்னல் போட்ட மாதிரி ரெண்டு லீட் வயர், கரண்டைக் காயிலுக்குக் கொண்டு போறது.

ரீகோன்னா இந்த அசையுற பாதி முழுசையும் வெட்டிப் போட்டுட்டு, இரும்புப் பாதியை வெச்சுக்கிட்டு, புதுசா ஒட்டுறது. பேரு கோன்னு இருக்கறதால கோன் மட்டும் மாத்துறதுன்னு நினைச்சுக்கிறாங்க, இல்லீங்க, காயில், ஸ்பைடர் எல்லாம் சேந்துதான்.

சத்தம் எப்படி வருது

கம்பிச் சுருள்ல கரண்ட் விட்டா அது காந்தமாகுது. கரண்ட் ஒரு பக்கம் ஓடுனா காயில் வெளிய தள்ளப்படுது, திருப்பி ஓடுனா உள்ள இழுக்கப்படுது. ஆம்ப்ளிஃபயர் இந்தத் தள்ளலையும் இழுப்பையும் ஜோடியா செகண்டுக்கு 40 தடவை செஞ்சா கோன் 40 தடவை போயிட்டு வருது, நமக்கு 40 ஹெர்ட்ஸ் பேஸ் கேக்குது, கேக்குறதை விட நெஞ்சுல இடிக்குதுன்னு சொல்றது சரி. 1925ல அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில இருந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ரெண்டு பேரும் இந்த மாதிரி காயில் ஸ்பீக்கரைச் செஞ்சு காட்டி எழுதினாங்க, நூறு வருஷம் ஆகியும் அடிப்படை அப்படியேதான் இருக்கு.

டக்குனு நினைவு வெச்சுக்க: இரும்புப் பாதி, அசையுற பாதி. காயில் கேப்புக்குள்ள உரசாம ஓடணும், ஸ்பைடரும் சரவுண்டும் அதை நடுவுல பிடிச்சிருக்கு. இதுல எது கெட்டாலும் நம்ம ஆளுங்க "சப் போச்சு"ன்னுதான் சொல்றாங்க.

வாட்ஸ் எல்லாம் எங்க போகுது

1000 வாட்ஸ் குடுத்தா 1000 வாட்ஸுக்கு சத்தம் வரும்னு எல்லாரும் நினைக்கிறோம். நிஜத்துல சப்வூஃபர்ல உள்ள போற பவர்ல சத்தமா மாறுறது 1 சதவீதம் கூட இருக்காது, மீதி பூரா சூடு. துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டி 1000 வாட்ஸ்தான் இருக்கும். அதுக்குக் கீழ எவ்ளோ பெரிய இரும்புத் தட்டு, அதுவே நிமிஷத்துல துணியைக் கருக்குது. அதே பவரை உள்ளங்கையில அடங்குற ஒரு செம்புச் சுருளுக்குள்ள விடுறோம். பாட்டுல பேஸ் விட்டு விட்டு வர்றதால சராசரி சூடு கம்மி, அதனாலதான் சப் பொழைக்குது. டெஸ்ட் டோன் போட்டு ஒரே சுருதியில அஞ்சு நிமிஷம் விட்டா பல சப்பு அங்கயே முடிஞ்சிரும்.

இதுக்குத்தான் ஆர்எம்எஸ் வாட்ஸ்னு ஒண்ணு பாக்கச் சொல்றது. தொடர்ந்து குடுத்தா அந்தக் காயில் தாங்குற பவர் அது. டப்பா மேல பெருசா போட்டிருக்கிற 2000, 3000 எல்லாம் பீக், கண் சிமிட்டுற நேரத்துக்குத் தாங்குறது. வாங்கும்போதும் சரி ஆம்ப் சேக்கும்போதும் சரி பீக் நம்பரைக் கண்ணால கூட பாக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன்.

இப்ப ஏற்காட்டுல இருந்து இறங்குறதை யோசிங்க. சேலம் பக்கம் 20 கொண்டை ஊசி வளைவு. தெரிஞ்சவன் செகண்ட் கியர்ல விட்டு எஞ்சின்ல பிடிச்சுக்கிட்டு இறங்குவான், தெரியாதவன் நியூட்ரல்ல போட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவான். பாதி மலை வர்றதுக்குள்ள ஒரு வாடை வரும் பாருங்க, அதோட பிரேக் பிடிமானமும் குறையும், குறையுதேன்னு அவன் இன்னும் ஓங்கி மிதிப்பான், அது இன்னும் சூடாகும். சப்புலயும் அச்சு அசல் இதேதான் நடக்குது. செம்பு சூடாக ஆக அதோட ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டை எதிர்க்கிற குணம், ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ஏறும். 25 டிகிரியில 3.4 ஓம் காட்டுற காயில் 200 டிகிரிக்குப் போனா 5.7 ஓம் கிட்ட வந்துரும். ரெசிஸ்டன்ஸ் ஏறினா ஆம்ப்ல இருந்து வர்ற பவர் குறையும், சத்தம் அமுங்கும். இதுக்குப் பேரு பவர் கம்ப்ரஷன். உக்காந்திருக்கிறவன் என்ன பண்றான், என்னடா சத்தம் குறைஞ்சிருச்சேன்னு வால்யூமை ஏத்துறான். கொஞ்ச நேரம் விட்டா தானா ஆறியிருக்கும், ஏத்தினதால பசை இளகி சுத்துக் கம்பி கழண்டு வந்து சுவர்ல உரசுது, கதை முடிஞ்சுது.

பாட்டு நடுவுல பேஸ் அமுங்குன மாதிரி தோணுச்சுன்னா வால்யூமைக் குறைச்சு பத்து நிமிஷம் விடுங்க. வாடை வந்தா ஆஃப் பண்ணிருங்க, அப்புறம் பேசிக்கலாம்.

"வாட்ஸ் கம்மியான ஆம்ப் போட்டா சப் எரிஞ்சிரும்" நிஜமா?

இந்த ஒரு வாக்கியம் எங்க ஊர்ல எந்த ஆடியோ கடையில ஏறினாலும் கேக்கும். பாதி நிஜம், அதனாலதான் ஆபத்து. பவர் கம்மியா போறதால எந்தக் காயிலும் எரியாது. மெதுவா பாட்டு கேக்கும்போது 5 வாட்ஸ்தான் போகுது, அப்ப எரியுதா?

நடக்கிறது வேற. ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கூரை இருக்கு, அதுக்கு மேல வோல்டேஜ் குடுக்க அதால முடியாது. நீங்க அதையும் தாண்டிக் கேட்டா அலையோட தலை கூரையில முட்டி தட்டையாயிரும், ஏற்காட்டு மலை மாதிரி உருண்டையா இருக்க வேண்டியது மொட்டை மாடி மாதிரி ஆயிரும். இதுதான் கிளிப்பிங். தட்டையான அலை உச்சியிலேயே நேரம் அதிகமா நிக்குது, அதனால சராசரிப் பவர் கூடுது. சுத்தமா 500 வாட்ஸ் குடுக்கிற ஆம்பை முழுசா கிளிப் ஆகுற அளவு முறுக்குனா கிட்டத்தட்ட 1000 வாட்ஸ் வரைக்கும் சூட்டைக் காயில்ல இறக்கும். 600 வாட்ஸ் சப்புக்கு 500 வாட்ஸ் ஆம்ப் "கம்மி"தான், ஆனா முறுக்கினா அதிகமாயிருது. ஆக எரிச்சது கம்மிப் பவர் கிடையாது, கம்மியா இருக்கேன்னு முறுக்குன கை.

அந்த முறுக்குற குமிழ் பேரு கெயின். அதை எல்லாரும் வால்யூம்னு நினைக்கிறாங்க, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. டெக்ல, அதாவது வண்டி முன்னாடி பாட்டுப் போடுற செட்ல இருந்து வர்ற சிக்னல் சின்னதா பெருசான்னு ஆம்புக்கு அளவு சொல்லி வைக்கிறது மட்டும்தான் அதோட வேலை. பாதியில வெச்சாலும் முழு பவர் வரலாம்.

இதுவரைக்கும் முதல் சாவு பாத்தாச்சு, சூட்டால வர்றது. பவர் பூரா சூடாகுது, கிளிப்பிங் அதைக் கூட்டுது, அமுங்குதேன்னு ஏத்துனா எரியுது.

ரெண்டாவது சாவு: ஓட்டம் மீறுறது

காயில் எவ்ளோ தூரம் வெளிய உள்ள போயிட்டு வரலாம்னு ஒரு எல்லை இருக்கு. அந்த எல்லைக்குப் பேரு எக்ஸ்மேக்ஸ். சுத்து 40 மில்லிமீட்டர் உயரம், கேப் 10 மில்லிமீட்டர் உயரம்னா மீதி 30ல பாதி, ஒரு பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர், அதுவரைக்கும் கேப்புக்குள்ள எப்பவும் ஒரே அளவு கம்பி இருக்கும். அதைத் தாண்டினா பிடி விட்டுப்போகும், இன்னும் தாண்டினா காயிலோட அடிவிளிம்பு பின் தட்டுல போய் இடிக்கும். டக் டக்னு சுத்தியல்ல தட்டுன மாதிரி சத்தம் கேட்டா அதுதான்.

இது பெரும்பாலும் போர்ட் பாக்ஸ்ல நடக்கும், அதாவது ஓட்டை விட்ட பொட்டி. காலி பாட்டில் வாயில ஊதுனா ஒரு சுருதியில மட்டும் பூம்னு வருமில்ல, அந்த மாதிரி இந்தப் பொட்டிக்கும் ஒரு சுருதி உண்டு, டியூனிங்னு சொல்வாங்க. 35 ஹெர்ட்ஸ்னு வெச்சுக்கோங்க. அந்த இடத்துல காத்து நல்லா எதிர்த்துப் பிடிக்கிறதால கோன் கம்மியா அசையும், சத்தம் ஓட்டை வழியா வரும். 35க்குக் கீழ இறங்கினதும் காத்தோட பிடி போயிரும், கோன் கயிறறுந்த ஊஞ்சல் மாதிரி தறிகெட்டு ஆடும். அதனாலதான் ஆம்ப்ல சப்சானிக்னு ஒரு குமிழ், ரொம்பக் கீழ் சுருதியை வெட்டிவிடறது. டியூனிங்குக்குக் கொஞ்சம் கீழ, 30 பக்கத்துல வெச்சா போதும். அதை யாருமே தொடறதில்ல, எங்க மச்சான் வண்டியில அது கம்பெனியில இருந்து வந்த மாதிரியே அடியில கிடந்துச்சு.

இதுல ஒரு கிறுக்குத்தனம் பாருங்க. சரியா அந்த டியூனிங் சுருதியிலயே ரொம்ப நேரம் அடிச்சா கோன் ஆடாது, ஆடலைன்னா காயிலைச் சுத்தி காத்து ஓடாது, கரண்ட் மட்டும் நல்லாப் போகும். பாக்கிறவனுக்கு கோன் அசையவே இல்லையே, சப் ஜாலியா இருக்குன்னு தோணும், உள்ள காயில் வறுபட்டுக்கிட்டு இருக்கும். கோன் ஆடுறதை வெச்சு சப்புக்கு சிரமமா இல்லையான்னு முடிவு பண்ணாதீங்க.

பொணத்தைப் பாத்து சாவைக் கண்டுபிடிக்கிறது

திறக்குறதுக்கு முன்னாடி மூணு வேலை. ஒண்ணு, ஆம்ப்ல இருந்து வயரைக் கழட்டிட்டு மல்டிமீட்டரை ஓம்ல வெச்சு டெர்மினல்ல பிடிங்க. 4 ஓம் சப்புன்னா 3.2ல இருந்து 3.8 வரைக்கும் காட்டினா காயில் முழுசா இருக்கு. ஒண்ணுமே காட்டலைன்னா எங்கயோ அறுந்திருக்கு. ரொம்பக் கம்மியா காட்டினா சுத்துக்குள்ள சுத்து ஒட்டிக்கிச்சு. டூயல் காயில்னா, அதாவது ஒரே குழாய்ல ரெண்டு சுத்து தனித்தனி டெர்மினலோட வர்றதுன்னா, ரெண்டையும் தனியா பாக்கணும், ஒண்ணு செத்து ஒண்ணு உயிரோட இருக்கிறது ரொம்ப சகஜம்.

ரெண்டு, ரெண்டு கையோட விரல்களையும் கோன்ல சுத்திப் பரப்பி வெச்சு, ஒரே சீரா மெதுவா அமுக்கி விடுங்க. காதைப் பக்கத்துல வையுங்க. சொரசொரன்னு உப்புத்தாள் உரசுற மாதிரி கேட்டா காயில் சுவர்ல உரசுது. ஒரு பக்கமா அமுக்காதீங்க, நல்ல சப்பே உரசும்.

மூணாவது மூக்கு. அதுக்கு விளக்கம் வேண்டாம்.

அறுந்திருக்குன்னு மீட்டர் சொன்னா உடனே காயிலைக் குத்தம் சொல்லாதீங்க. லீட் வயர் டெர்மினல்ல ஈயம் வெச்ச இடத்துல ஆடி ஆடி அத்துப்போறது உண்டு, அது பத்து நிமிஷ வேலை. நான் பாத்திருக்கேன், அந்த ஒரு வயருக்காக முழு ரீகோன் காசு வாங்கின கடையும் உண்டு, பேரு வேண்டாம்.

திறந்ததுக்கு அப்புறம் காயிலைக் கையில எடுத்துப் பாருங்க. ரெண்டு சுத்தும் ஒரே சீரா கருத்து, கம்பி குழாயை விட்டு வீங்கியிருந்தா சூடு. கம்பி செம்பு நிறத்துலயே பளபளன்னு இருந்து குழாயோட அடிவிளிம்பு மட்டும் நசுங்கியிருந்தா ஓட்டம் மீறுனது. ஒரே ஒரு பக்கம் மட்டும் கோடு கோடா தேஞ்சிருந்தா சென்டர் போச்சு, ஸ்பைடர் பசை விட்டிருக்கலாம், இல்லைன்னா மேக்னட்டே நகர்ந்திருக்கலாம். சப்பைக் கீழ போட்டாலோ லாரி சர்வீஸ்ல பார்சல் போட்டு அவங்க தூக்கி வீசினாலோ மேக்னட்டைப் பிடிச்சிருக்கிற பசை விட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துரும், கேப் ஒரு பக்கம் அடைஞ்சிரும். அப்படி ஆனதுல எத்தனை ரீகோன் பண்ணாலும் வீண்.

மேக்னட் வீக் ஆயிருச்சுன்னு யாராவது சொன்னா சிரிச்சுக்கிட்டே வந்துருங்க. கருப்பா கனமா இருக்கிற ஃபெரைட் மேக்னட் பாட்டுப் போட்டு வீக் ஆகாது, அதோட காந்தம் முழுசாப் போக 450 டிகிரி பக்கத்துல சூடாகணும், அதுக்கு ரொம்ப முன்னாடியே காயில் சாம்பலாயிருக்கும். சின்னதா லைட்டா இருக்கிற நியோடிமியம் மேக்னட் மட்டும் சூட்டுக்குப் பயப்படும், சாதா ரகம் 80 டிகிரி தாண்டினா பலம் இழக்க ஆரம்பிக்கும்.

ரீகோன் எப்படி நடக்குது

சரவுண்டையும் ஸ்பைடரையும் பிளேடால சுத்தி அறுத்தா மொத்தமும் கையோட வந்துரும், அது ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் பேஸ்கெட்ல ஒட்டியிருக்கிற பழைய பசையைச் சுரண்டுறதுதான் வேலையே. பொறுமை இல்லாதவன் இங்க மிச்சம் வெச்சிருவான், புது ஸ்பைடர் அந்த மேட்டு மேல கோணலா உக்காரும்.

அதை விட முக்கியம் கேப் சுத்தம். அண்ணன் கடையில ஒரு தடவை சீலநாயக்கன்பட்டி லேத் பட்டறை வெச்சிருக்கிறவர் ஒரு சப் கொண்டு வந்தாரு, காயிலைத் தானே கழட்டிட்டு மேக்னட்டை அப்படியே பட்டறை மேசையில ஒரு வாரம் வெச்சிருந்திருக்காரு. டார்ச் அடிச்சுப் பாத்தா கேப்புக்குள்ள இரும்புத்தூள் முடி முளைச்ச மாதிரி நிக்குது. காத்து அடிச்சா நகருமா, நகராது, மேக்னட் விடாது, ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் ஓடி ஒட்டிக்கும். அண்ணன் என்ன பண்ணாருன்னா மாஸ்க்கிங் டேப்பை ஒட்டுற பக்கம் வெளிய வர்ற மாதிரி ஒரு தகடுத் துண்டுல சுத்தி, கேப்புக்குள்ள விட்டு விட்டு எடுத்தாரு. முதல் டேப் கருப்பா வந்துச்சு, பத்தாவதும் சாம்பல் நிறம்தான், இருபத்தி சொச்சம் டேப் ஆச்சு வெள்ளையா வர்றதுக்கு. ஒரு டீ குடிச்சுட்டு வந்து மறுபடி ஒண்ணு விட்டாரு, அதுல ஒரே ஒரு தூள். "இது ஒண்ணு போதும் தம்பி, காயில் வார்னிஷை ராவி விட்டுரும்"னாரு. சேலத்துல பட்டறைக்கா பஞ்சம், அதனால மேக்னட்டைத் திறந்து வெச்சா மேல உடனே டேப் ஒட்டி மூடிருங்க.

அடுத்தது புதுக் காயில். போல் மேல மாட்டி, சந்துல சுத்தி ஷிம் போடணும். ஷிம்னா ஒண்ணுமில்ல, மெல்லிசான பிளாஸ்டிக் தாள் பட்டை, எக்ஸ்ரே ஃபிலிம் வெட்டிப் போடுறவங்களும் உண்டு. அது காயிலை நட்ட நடுவுல நிறுத்தி வைக்கும். அப்புறம் உயரம்: சுத்தோட நடு, மேல் தட்டோட நடுவுக்கு நேரா இருக்கணும். ரெண்டு மில்லிமீட்டர் ஏறி இறங்கி உக்காந்தாலும் ஒரு பக்கம் ஓட்டம் குறைஞ்சிரும். இதுக்காகத்தான் ரீகோன் கிட், அதாவது புது அசையுற பாதிக்கான சாமான், வாங்கும்போது அதே மாடல் கிட் வாங்கணும்கிறது. காயில் விட்டம் பொருந்துது பாருங்கன்னு எதையோ தலையில கட்டுவாங்க, விட்டம் ஒண்ணா இருந்தும் சுத்து உயரம் வேற, அடுக்கு வேறன்னா அது வேற சப் ஆயிரும்.

காயில், ஸ்பைடர், கோன் மூணும் சேருற இடத்துல சூடும் இடியும் ஒண்ணா விழும், அங்க ரெண்டு டியூப் கலந்து போடுற எபாக்சி மாதிரி சூடு தாங்குற பசைதான் போடணும். சாதா சூப்பர் க்ளூ 80 டிகிரி பக்கத்துலயே தளர்ந்துரும். சரவுண்டுக்கு வளையுற ரப்பர் பசை. ஒட்டினா ஒரு நாள் முழுசா காயவிடணும். அப்புறம் ஷிம்மை உருவி, அமுக்கிப் பாத்து, உரசல் இல்லைன்னா கடைசியா டஸ்ட் கேப். டஸ்ட் கேப் ஒட்டிட்டா ஷிம் போட வழியில்ல, அதனால காலையில குடுத்து சாயங்காலம் வாங்கிக்கோன்னு சொல்ற கடையை எனக்கு நம்பிக்கை இல்ல.

புது ஸ்பைடர் விறைப்பா இருக்கும், ஒரு வாரம் நிதானமா பாடவிட்டா இளகும். கோயில் பண்டிகை வருதுன்னு வாங்கின அன்னைக்கே முறுக்காதீங்க.

சுருக்கமா, ஒட்டுறது சுலபம், சுத்தமும் நடுவும் உயரமும்தான் ரீகோன். அப்புறம் எது கொன்னுச்சுன்னு தெரியாம ஒட்டினா அது அடுத்த சாவுக்கு ஒட்டுறது.

பாத்துக்கிறது

இதுல பெரிய வித்தை ஏதும் இல்ல. புதுசா இருக்கும்போதே ஓம் அளந்து பொட்டி மேல மார்க்கர்ல எழுதி வைங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா அளந்து ஒப்பிட்டுக்கலாம். ஸ்க்ரூ தளர்ந்தா பொட்டி காத்து விடும், முறுக்கி வைங்க. கிரில் கட்டாயம் போடுங்க, மாம்பழ சீசன்ல டிக்கியில கூடையைத் தள்ளி கோன்ல ஓட்டை போட்ட ஆளுங்க எங்க ஊர்ல நிறைய. ஃபோம் சரவுண்டுன்னா வெயிலும் ஈரமும் ரெண்டும் ஆகாது, மலை மேல எஸ்டேட்ல மழைக்காலம் முழுக்க நிக்கிற வண்டியில ஃபோம் தொட்டா பிசுபிசுன்னு உதிரும், அந்த மாதிரி இடத்துக்கு ரப்பர் சரவுண்டே நல்லது.

மச்சான் சப்புக்கு என்னதான் ஆச்சு

திறந்தோம். காயில் சீரா கருத்திருந்துச்சு, விளிம்பு நசுங்கல, கோடு இல்ல. சூடுதான், சந்தேகமே வேண்டாம். சப்பை அண்ணன்கிட்ட குடுத்துட்டு நாங்க வண்டியைப் பிடிச்சோம்.

அவன் ஆம்ப் 1 ஓம்ல 1000 வாட்ஸ். பவரை ஓமால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா வர வேண்டிய வோல்டேஜ் தெரியும், இதுக்கு 31.6. சப் கழட்டியிருக்கும்போதே பேஸ் பூஸ்ட்டை எல்லாம் சைபர்ல வெச்சு, டெக் வால்யூமை முக்கால்ல வெச்சு, 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஆம்போட ஸ்பீக்கர் டெர்மினல்ல மீட்டரை ஏசியில வெச்சுப் பாத்தா 46 காட்டுது. கெயின் எங்கயோ இருக்கு. ஏன்டா இவ்ளோ வெச்சேன்னு கேட்டா, "சத்தம் பத்தல மாப்ள, கடையில கொஞ்சம் ஏத்தி விட்டாங்க"ங்கறான். பத்தலைன்னா ஏன் பத்தல, அதுதான் கேள்வி.

சப் ரெடியாகி வந்ததும் கெயினை 31க்கு இறக்கி, எஞ்சினை ஓடவிட்டு, டோன் போட்டு இந்தத் தடவை ஆம்புக்குள்ள போற வோல்டேஜை அளந்தோம். பேட்டரியில 13.4 வோல்ட். ஆம்ப் டெர்மினல்ல 11. நடுவுல 2.4 வோல்ட் காணோம். 1000 வாட்ஸ் ஆம்ப் முழு மூச்சுல 90 ஆம்பியர் பக்கம் இழுக்கும், வழியில கொஞ்சம் தடை இருந்தாலே வோல்டேஜ் விழுந்துரும். விழுந்தா ஆம்போட கூரை இறங்கும், 1000 குடுக்க வேண்டியது அறுநூத்து சொச்சத்துலயே முட்டி கிளிப் ஆகும். சத்தம் பத்தாது, இவன் கெயினை ஏத்துவான், தட்டை அலை காயிலை வறுக்கும்.

பாசிட்டிவ் வயரைத் தொட்டுக்கிட்டே வந்தோம், நல்லாத்தான் இருந்துச்சு. எர்த் வயர் டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியில ஒரு போல்ட்ல மாட்டியிருந்தாங்க, கழட்டிப் பாத்தா பெயின்ட்டைச் சுரண்டாமயே பெயின்ட் மேலயே முறுக்கியிருக்கு, சுத்தி வட்டமா கருகி கொப்பளம் விட்டிருக்கு. ரெண்டு கடை கைமாறியும் அந்த ஸ்டெப்னியை யாரும் தூக்கல.

உப்புத்தாள் ஒண்ணு வாங்கி வந்து இரும்பு பளிச்சுனு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, வயர் நுனியையும் தேய்ச்சு இறுக்கினோம். மறுபடி அளந்தா ஆம்ப்ல 13.1. கெயின் 31லயே இருக்கு, ஆனா முன்னாடி 46ல வெச்சப்ப வந்ததை விட பேஸ் இறுக்கமா விழுந்துச்சு, வாசல்ல அத்தை வெச்சிருந்த சொம்பு அதிர்ந்துச்சு.

அத்தை வெளிய வந்து என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. மச்சான் கரண்ட் பத்தாம, எர்த் சரியில்லாமன்னு ஏதோ இழுத்தான். அவங்க முழுசா கேக்கக்கூட இல்ல. "லோ வோல்டேஜ்தானே? இதுக்காடா மூணு தடவை காயில் கட்டுன?"